முகம் மூன்று, கதவு இரண்டு

"என்ன சீரிஸ்?" என்று ஜீப் உதிரிபாகக் கடைக்காரர் போனில் மறுபடியும் கேட்டார்.

கைபேசி தையல் மெஷினின் பலகைமேல் கிடந்தது. அதைச் சுற்றி மூன்று பேர் குனிந்திருந்தார்கள்: வீட்டு மகள், அவள் கணவன், அவள் தம்பி.

"மூணாவது" என்றான் கணவன்.

"இரண்டாவது" என்றான் தம்பி.

"நீங்க பேசி முடிச்சிட்டுக் கூப்பிடுங்க. நான் சாப்பிடப் போறேன்" என்று கடைக்காரர் வைத்துவிட்டார்.

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஊசியில் நூல் கோத்தாள். அப்பா காலை முறித்துக்கொண்டு கீழே நகரத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கட்டிலுக்கு அடுத்த ஆள் காத்திருக்கிறார். வீடோ மேட்டின் உச்சியில். தார்ச்சாலை முடிந்தபின் வழி முழுக்கச் சேறு. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியைத் தவிர வேறெதுவும் அதில் ஏறாது. அப்படிப்பட்ட வண்டி வீட்டில் ஒன்று உண்டு, அப்பாவின் பழைய ஜீப். போன வாரம் அப்பாவுக்கென்று உயரமான கட்டில் ஒன்றை அதில் ஏற்றி வந்தபோது, கடைசித் திருப்பத்தில் பின்பக்கம் 'படக்'கென்றது. சக்கரத்தைச் சுழற்றுகிற அச்சுத்தண்டு உள்ளே முறிந்துவிட்டது. முன்சக்கரங்களை மட்டும் நம்பி முற்றத்துக்குள் நகர்த்தலாம். மேடு ஏற முடியாது. அந்த வகை ஜீப் காலத்துக்குக் காலம் மாறி மூன்று சீரிஸாக வந்தது; ஒன்றின் தண்டு மற்றதில் பொருந்தாது.

"அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது" என்று அன்றே மூவரும் முடிவு செய்திருந்தார்கள். வலியில் கிடக்கிறவருக்கு இந்தக் கவலை வேறு எதற்கு? அன்பினால் எடுத்த முடிவுதான். அந்த அன்புதான் இத்தனை பாடு படுத்தியது.

கணவன் பள்ளியில் கணக்கு வாத்தியார். முற்றத்தில் ஜீப்பின் முன்னால் நின்று நிரூபணம் செய்வதுபோலப் பேசினான். "கிரில்லைப் பாரு மாப்ள, பிளாஸ்டிக். விளக்கு ரெண்டும் ஓரத்துக்குப் போயிருக்கு. மீட்டரெல்லாம் டிரைவருக்கு நேரா இருக்கு. மூணாவது சீரிஸ்ல கடைசி வருஷ வண்டி. இதுல என்ன சந்தேகம்?"

தம்பி கைபேசி ரிப்பேர் செய்பவன். எந்த வாக்குவாதத்துக்கும் ஒரு படம் வைத்திருப்பான். "அத்தான், கதவுக் கீலைப் பாருங்க. இவ்வளவு தடியா மூணாவதுல வராது. இதோ படம். அச்சு அசல் இரண்டாவது."

"கதவை வெச்சு வண்டிய அடையாளம் சொல்றியா?"

"நீங்க மூஞ்சிய வெச்சுச் சொல்லலியா?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடிட்டு, சக்கரத்தைக் கழட்டி அந்த உடைஞ்ச தண்டை வெளிய எடுத்துப் பாருங்களேன்" என்றாள் மகள்.

இருவரும் அன்றைக்கு முதல்முறையாக ஒத்துப்போனார்கள். அது முடியாதாம். புதுச் சாமான் கைக்கு வராமல் பழையதைத் திறக்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். ஒருமுறை திறந்து போட்ட பிறகு மழை பிடித்துக்கொண்டு, உள்ளே மண்ணும் தண்ணீரும் போய்ப் பெரிய செலவு வைத்ததாம்.

"மேல ஒரு தார்ப்பாயைப் போட்டா மழை என்ன செய்யும்?"

"உனக்கு வண்டி விஷயம் புரியாது" என்றான் கணவன்.

"எனக்கா புரியாது? சரிதான்" என்று சொல்லிவிட்டு அவள் தைக்கப் போனாள். பாவாடை ஓரத்தைக் கோணலாகத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தாள். கடவுளே, இவர்களை என்னிடம் ஒப்படைத்ததற்கு ஒரு காரணம் வைத்திருப்பாய், அதைச் சீக்கிரம் சொல் என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டாள்.

வயதில் மூத்தவன் என்பதால் கணவனே வென்றான். மூன்றாவது சீரிஸ் தண்டு லாரிப் பார்சலில் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. சக்கரத்தைக் கழற்றி முறிந்த துண்டை உருவினார்கள். அதன் முனைப் பற்கள் தடித்து, இடைவெளி விட்டு இருந்தன. புதியதன் பற்களோ சீப்புப் போலப் பொடிப்பொடியாக இருந்தன. பிறவியிலேயே வேறு.

"நான் சொன்னேன்ல" என்றான் தம்பி.

"சொன்ன. இப்ப சந்தோஷமா?" என்று கணவன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.

இனி வேறு தண்டு வரவழைத்தால் வந்து சேர ஒரு வாரமாகும். அப்பா நாளைக்கு வர வேண்டும். இருவரையும் திட்டத்தான் அவள் வாயைத் திறந்தாள். கிரீஸ் அப்பிய கையோடு, முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்ததும் மனசு வரவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு கைபேசியை எடுத்தாள்.

"யாருக்கு?" என்றான் தம்பி.

"அப்பாவுக்கு."

"அக்கா, வேண்டாம்."

அவள் முழுவதையும் சொன்னாள்.  மறுமுனையில் அப்பா சிரிப்பது கேட்டது. சிரித்தால் கால் வலிக்கும் போல. "ஐயோ" என்று நிறுத்தினார்.

"ஒரு வாரமா எல்லாரும் பஸ்ஸுலதானேம்மா வந்து பார்த்தீங்க? வண்டிக்கு ஏதோ ஆயிருச்சுன்னு அப்பவே தெரியும். கேட்டா நீங்க சங்கடப்படுவீங்கன்னு நானும் வாயைத் திறக்கல."

மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அது என்ன சீரிஸ்னு மட்டும் சொல்லுப்பா."

"மூணாவதுதான். மாப்பிள்ளை சரியாத்தான் சொல்லியிருக்கார். ஆனா பின்பக்கத்து அச்சு, உள்ள இருக்கிற தண்டோட, நம்மது இல்ல. அது தேனீக்காரன் வண்டியோடது, இரண்டாவது சீரிஸ்."

எதிர்மேட்டில் தேனீ வளர்ப்பவருக்கும் இதே போல ஒரு பழைய ஜீப் உண்டு. ஒரு வருடம், கீழ்த் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கப் போகும் சமயத்தில் அவர் வண்டியின் பின்னச்சு போய்விட்டது. தேனீப் பெட்டிகளை மேலே ஏற்றாவிட்டால் தேனீயெல்லாம் செத்துவிடும். அப்பா தன் வண்டியிலிருந்து பின்னச்சை முழுதாகக் கழற்றி அவருக்கு மாட்டிக் கொடுத்தார். அவருடையதைப் பிற்பாடு ரிப்பேர் செய்து தன் வண்டியில் போட்டுக்கொண்டார். திரும்ப மாற்ற இருவருக்குமே சோம்பல்.

"இதை எங்களுக்குச் சொல்லணும்னு தோணவே இல்லியா?"

"ஓடிட்டுத்தானே இருந்துச்சு. நான் அவன்கிட்டப் பேசறேன், வை."

வெள்ளிக்கிழமை பிற்பகல், எதிர்மேட்டு ஜீப் சேற்றை இருபுறமும் வாரி இறைத்துக்கொண்டு ஏறி வந்தது. முன் இருக்கையில் அப்பா, கட்டுப்போட்ட காலை ஒரு காலித் தேன்பெட்டியின்மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். கடைசித் திருப்பத்தில் வண்டி ஒரு கணம் திணறியது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பின்சக்கரங்கள் கவ்விப் பிடித்து ஏறின.

"உங்களுக்குத்தான் ரொம்பச் சிரமம் மாமா" என்றாள் தேனீக்காரரிடம்.

"எனக்கென்ன சிரமம் பாப்பா? இழுத்தது உங்கப்பா அச்சு. நான் ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்."

அப்பாவைக் கட்டிலில் சாய்த்து, காலுக்குத் தலையணை வைத்து முடிப்பதற்குள் கைபேசி அடித்தது. உதிரிபாகக் கடைக்காரர். தண்டு பொருந்தவில்லை என்று கணவன் காலையிலேயே அவரிடம் சொல்லியிருந்தான்.

"அந்தத் தண்டைத் திருப்பி அனுப்புங்க, மாத்தித் தர்றேன். இந்தத் தடவையாவது சரியாச் சொல்லுங்க. என்ன சீரிஸ்?"

கணவனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் கைபேசியை அப்பா கையில் கொடுத்தாள்.

"எழுதிக்குங்க" என்றார் அப்பா பொறுமையாக. "முகம் மூணு. பின்னச்சு இரண்டு. கதவும் இரண்டு, ஆனா அது தபால்காரர் வண்டியோடது. அவர் வண்டி பள்ளத்துல விழுந்தப்ப..."

மறுமுனையில் கடைக்காரர் நீளமாகப் பெருமூச்சு விட்டார். மகள் சிரித்துக்கொண்டே தேனீக்காரருக்குத் தேநீர் போட உள்ளே போனாள்.