ஆற்றங்கரையில் ஸ்டாப் கிடையாது

நான் பஸ் ஓட்டுகிறவன். இந்த நகரத்தில் எனக்குத் தெரியாத ரோடு இல்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் பந்தயம் கட்டுவேன். நடப்பதுதான் எனக்கு வேப்பங்காய். உட்கார்ந்தபடியே ஊரைச் சுற்றக் கொடுத்துவைத்தவன் எதற்காக நடக்க வேண்டும்?

அப்பேர்ப்பட்ட என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள் என் மனைவி. காரணம் இருந்தது. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவள் அவள். ரயிலில் ஒரு ராத்திரி தள்ளி இருக்கிற வேறொரு ஊரில், லேப் முழுவதற்கும் அவளையே பொறுப்பாளராகப் போடுகிறோம், வா என்று கூப்பிட்டிருந்தார்கள். மறுநாள் பதில் சொல்லியாக வேண்டும். "என் ஊரை விட்டுட்டு நான் வர மாட்டேன். நீ தலைகீழா நின்னாலும் நடக்காது" என்று நான் முன்பே சொல்லிவிட்டேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் தட்டும் டம்ளரும்தான் பேசிக்கொண்டன.

சனிக்கிழமை சாயங்காலம் அவளாகவே வந்து நின்றாள். "நாளைக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு என்கூட ஆத்தோரமா நடங்க. மேல் பாலத்துலேர்ந்து கடைசிப் பாலம் வரைக்கும். அதுக்கப்புறம் நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

என்னைக் கரைக்கப் பார்க்கிறாள் என்று புரிந்தது. கரைகிற ஆளா நான்? சரி என்றேன்.

பெட்ரோல் பங்குக்குப் பின்னால், கார் கழுவுகிற இடத்தை ஒட்டி ஒரு படிக்கட்டு. தினமும் அதன் எதிரில்தான் பஸ்ஸை நிறுத்துகிறேன். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இறங்க இறங்க ஹாரன் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. கீழே புல்லும் நாணலும் கிளை பரப்பிய பெரிய மரங்களும், நடுவில் கலங்கலாக ஆறும். மேட்டில் அடுக்குமாடிகளின் முதுகு தெரிந்தது. துணி காயும் கொடிகள், ஏசி பெட்டிகள், யாரோ தூக்கிப் போட்ட மெத்தை. ஊரை முன்பக்கம் மட்டுமே பார்த்துப் பழகியவனுக்கு, தட்டாமல் கதவைத் திறந்துவிட்ட மாதிரி கூச்சமாக இருந்தது.

கொஞ்ச தூரத்தில் நாலைந்து நாய்களைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். நாய்கள் அத்தனையும் வாலை ஆட்டிக்கொண்டு என் மனைவியின் மேல் விழுந்தன.

"என்னக்கா, போன வாரம் ஆளையே காணோம்?" என்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார்தான் அந்த டிரைவரா?"

அது என்ன 'அந்த' என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் நாய்கள் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டன.

அடுத்து, பாத்தி பாத்தியாகப் பிரித்து நகரவாசிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்த தோட்டங்கள். மண்வெட்டியோடு நின்ற ஓர் அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே கத்தினார். "ஏம்மா, நீ சொன்ன மாதிரியே கிளையை ஒடிச்சு விட்டேன். இப்ப காய் பிடிச்சிருக்கு பாரு!" என் மனைவி வேலிக்குள் கையை விட்டு ஒரு தக்காளியைத் தொட்டுப் பார்த்தாள். எங்கள் வீட்டு ஜன்னலில் ஒரு பூத்தொட்டிகூடக் கிடையாது. இவளுக்குத் தக்காளி வளர்க்கத் தெரியும் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

"எத்தனை நாளா இங்க வர்ற?"

"உங்களுக்கு ஞாயித்துக்கிழமை டூட்டி போட ஆரம்பிச்சதுலேர்ந்து."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னேனே. 'உனக்கு வேற வேலை இல்லையா'ன்னீங்க."

சொல்லியிருப்பேன். என் வாய் எனக்குத் தெரியாதா?

ஒரு பாலத்துக்கு அடியில் போகும்போது மேலே எங்கள் டிப்போ வண்டி ஒன்று தடதடவென்று கடந்தது. கிளட்சிலிருந்து காலையே எடுக்காமல் ஓட்டுகிற புது ஆள், சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. "அடப்பாவி, வண்டியைக் கொல்றானே!" என்று நான் அண்ணாந்து திட்ட, அவள் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வாரத்துக்கு அப்புறம் அப்போதுதான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

அங்கேதான் என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. இதற்கு அடுத்தது மார்க்கெட் பாலம். பஸ்ஸில் ரெண்டே ஸ்டாப், நேர் ரோடு. ஆனால் நடைபாதை கரையை விட்டு விலகி மேட்டில் ஏறியது.

"எதுக்கு ஊரைச் சுத்தற? கரையோரமாவே நேரா போனா பாலம் வந்துடும்."

"ஆறு உங்க ரோடு மாதிரி போகாதுங்க. இங்க நல்லா வளையும்."

"யாருகிட்ட சொல்ற? இந்த ஊர் எனக்குத் தெரியும்."

அவள் என் பின்னால் வந்தாள். நாணல் அடர்ந்துகொண்டே போனது. தரை சொதசொதவென்று ஆனது. கடைசியில் ஒரு கால் முழங்கால் வரை சேற்றுக்குள் போய்விட்டது. தலையைத் திருப்பிப் பார்த்தால், எனக்கு முன்னால் இருக்க வேண்டிய மார்க்கெட் பாலம் சாவகாசமாக முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. அவள் இரண்டு கையாலும் பிடித்து என்னை இழுத்தாள். நான் வந்தேன், செருப்பு வரவில்லை.

மானம் போன கோபத்தில் கத்தினேன். "இந்தக் கூத்துக்குத்தான் கூட்டிட்டு வந்தியா? ஊரை விட்டு வான்னு சொல்றவ யாராவது ஊரைச் சுத்திக் காட்டுவாளா?"

விழுந்து கிடந்த மரத்தின் மேல் என்னை உட்காரவைத்துவிட்டு, பாட்டில் தண்ணீரால் என் காலைக் கழுவிவிட்டாள். மறுகரையில் ஒரு கொக்கு அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கோபம் மெல்ல இறங்கியது. என் ஊர், என் ஊர் என்று வாரம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். ஊரோடு பழகியவள் இவள்.

"இதையெல்லாம் விட்டுட்டுப் போக உன்னால முடியுமா?" என்றேன்.

"கஷ்டம்தாங்க." அவள் குரல் உடைந்தது. "ஆனா அந்த வேலை எனக்கு வேணும். எத்தனை வருஷமா என் ரிப்போர்ட்டுக்கு அடுத்தவங்க கையெழுத்துக்காகக் காத்துட்டு நின்னிருக்கேன். நீங்க வராட்டியும் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். உங்களைக் கரைக்கறதுக்காகக் கூட்டிட்டு வரல."

"பின்ன எதுக்கு?"

"இந்த ஊர்ல நான் விட்டுட்டுப் போறது ரெண்டுதான். ஒண்ணு இந்த ஆறு. இன்னொண்ணு நீங்க. ரெண்டையும் சேத்து ஒரு நாளாவது பாத்துக்கணும்னு இருந்துச்சு."

சண்டை போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். கண்டக்டரும் இல்லாத காலி வண்டியில் நான் மட்டும் உட்கார்ந்திருப்பது போல, முதல் முறையாக இந்த ஊர் எனக்குப் பயமாக இருந்தது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து கையை நீட்டினாள். "வாங்க, மேட்டுப் பாதைக்கே திரும்பிடலாம்." ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டே அவள் பின்னால் நடந்தேன். அவள் கையை விடவில்லை. இரண்டு பேரும் மேட்டில் ஏறினோம்.

"இந்தா," என்றேன். "அந்த ஊர்ல ஆறு இருக்கா?"

அவள் நின்றுவிட்டாள். திரும்பவில்லை. "தெரியலங்க. விசாரிக்கல."

"நல்லா இருக்கே! போற ஊரைப் பத்தி ஒண்ணும் விசாரிக்காமலே சரின்னு சொல்லிடுவியா? அப்ப ஞாயித்துக்கிழமை நாம எங்க போய் நடக்கறது?"