ஆறிலிருந்து பதினொன்றுக்கு

வீட்டுக்கு வீடு போய் வைஃபை சரிசெய்வதுதான் டவருக்குத் தொழில். ஆள் உயரமும் ஒல்லியுமாக இருந்ததால் வந்த பெயர் அது. அப்பா அம்மா வைத்த பெயரைக் கேட்டால் ஒரு கணம் யோசித்துத்தான் சொல்வார். ஆனால் கெட்டிக்காரர். ஒரு வீட்டில் தினமும் மதியம் இரண்டிலிருந்து நாலு மணிவரை இணைப்பு செத்துக் கிடந்தது. மூன்று பேர் வந்து மூன்று ரவுட்டர் மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். டவர் கூடத்தில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம் மருமகனைத் தனியே அழைத்து, "உங்க மாமனாரை ரெண்டடி இந்தப் பக்கம் நகர்த்திப் போடுங்க" என்றார். சாப்பிட்ட கையோடு ரவுட்டருக்கும் படுக்கையறைக்கும் நடுவே சோபாவில் சாய்கிற, நூற்றுப் பத்து கிலோ மாமனார். மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்; இந்த அலைகளுக்குத் தண்ணீர் ஆகவே ஆகாது. நகர்த்தினார்கள். மருமகன் அன்றிலிருந்து தடங்கலில்லாமல் படம் பார்க்கிறார். எதற்காக நகர்த்தினார்கள் என்பது மாமனாருக்கு மட்டும் இன்றுவரை தெரியாது.

போகிற வீட்டிலெல்லாம் டவர் ஒரே பாடத்தைத்தான் சொல்வார். ரவுட்டர்கள் பேசிக்கொள்ள சேனல் என்று சில வரிசைகள் உண்டு. ஒரே வரிசையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒருவர் பேச்சில் மற்றவர் விழுந்துகொண்டே இருப்பார். நாம் கத்தினால் பக்கத்து வீட்டுக்காரனும் கத்துவான். குரலைத் தணித்துக்கொண்டு காலியாக இருக்கிற வரிசைக்கு ஒதுங்கிவிட்டால் இரண்டு வீட்டுக்கும் நல்லது. ஆகிற வேலை இரண்டு நிமிஷம்.

இந்தப் பாடத்தைத் தன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே மட்டும் அவர் மறந்துபோனார்.

மாடியில் அண்ணன் குடியிருந்தார். நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறர் நிலத்தை அளந்து அளந்து, தானும் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்காத சுபாவத்துக்கு வந்துவிட்டவர். அவருடைய ஒரே மகள் கடல் தாண்டி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் குழந்தையைக் கைபேசியில் காட்டுவாள். அண்ணன் ஒன்பதரைக்கே தலைவாரிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் அவருக்கு விடிந்தது.

அண்ணன் ரவுட்டரும் ஆறாம் சேனல், தம்பி ரவுட்டரும் ஆறாம் சேனல். பத்து மணிக்குக் குழந்தை வாயைத் திறந்தால் பத்து இருபதுக்குத்தான் மூடியது. டவர் மேலே போய், பதினொன்று காலியாகக் கிடக்கிறது, அதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்றார்.

"நான் மூத்தவன்டா. நான் எதுக்கு நகரணும்? நீ போ."

"தொழில் தெரிஞ்சவன் சொல்றேன்ணா."

"தொழில் தெரிஞ்சவனுக்கு நகரத் தெரியாதா?"

அதோடு பேச்சு நின்றது. படியில் எதிரெதிரே வந்தால் இருவரும் கைப்பிடிச் சுவரைப் பார்த்தார்கள்.

ஒரு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை டவருக்கே மனசு கேட்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் தன் ரவுட்டரைப் பதினொன்றுக்கு மாற்றினார். மறுநாள் பத்து மணிக்குக் கைபேசியில் காற்றை அளந்து பார்த்தார். அண்ணன் ரவுட்டர் பதினொன்றில் உட்கார்ந்திருந்தது.

துரத்திக்கொண்டு வருகிறார் என்று முடிவு கட்டினார் டவர். ஊரார் வீட்டுச் சண்டையாக இருந்தால் என்றைக்கு மாறியது, யார் மாற்றியது என்று நாலு கேள்வி கேட்டிருப்பார். அண்ணன் என்பதால் ஒன்றுகூடக் கேட்கவில்லை. மொட்டைமாடியில் ஒரு ஆன்டெனாவை நட்டு, சக்தியை உச்சத்துக்கு ஏற்றினார். அடுத்த வாரம் அண்ணன் அதைவிட ஒரு முழம் நீளமானதை வாங்கிவந்து பக்கத்திலேயே நட்டார். தம்பி இரண்டு முழம். எதிர்வீட்டுக் கார் தானாகப் பூட்டித் தானாகத் திறந்துகொண்டது. ஈரத்தோடு வந்து உட்கார்ந்த காக்கை காய்ந்துபோய்ப் பறந்தது. டவர் வீட்டில் செய்தி படிக்க நாளிதழ் வாங்கும் நிலை வந்தது.

இப்படி ஏழு ஞாயிறு. எட்டாவது வாரம் அண்ணி சாவிக்கொத்தோடு இறங்கி வந்தார். மகள் வீட்டுக்கே போய்விடுவதாகச் சொன்னார். அண்ணன் வாசலில் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"பாப்பா நடந்துட்டா தம்பி, போன வாரம். மொதல்ல சோபாவைப் பிடிச்சிட்டு நின்னா. அப்படியே படம் நின்னுபோச்சு. மறுபடி வந்தப்ப கதவுகிட்ட நிக்கறா. நடுவுல நடந்தது உங்க அண்ணன் கண்ணுல படல. அன்னிக்குப் பூரா சாப்பிடல அவரு."

டவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணி முடிக்கவில்லை.

"அந்த நம்பரையும் நீங்க சொன்ன மாதிரியே பதினொன்னுக்கு மாத்தினாரே, நீங்க ஆன்டெனா நட்டதுக்கு முந்தின சனிக்கிழமை. 'சின்னவன் சொன்னா சரியாத்தான்டி இருக்கும்'னாரு. கல்யாணம் ஆனதுலேருந்து ஒருத்தர் சொன்னதை அவர் கேட்டு நான் பாத்தது அன்னிக்குத்தான்."

வண்டி போய்விட்டது.

அன்று மாலை டவர் மொட்டைமாடிக்குப் போய் இரண்டு ஆன்டெனாக்களையும் இறக்கினார். அண்ணனுடையதைத் துடைத்து, மாடி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சாத்தி வைத்தார். தன் ரவுட்டரை ஆறுக்கே கொண்டுவந்து, சக்தியைக் கால்வாசியாகக் குறைத்தார். பதினொன்றைத் தொடவில்லை. மேலே ஆள் இல்லாவிட்டாலும் அது அண்ணன் இடம்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு அவரே அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணனைப் போலவே ஒன்பதரைக்கே தலைவாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல்லவேண்டியது ஒரே வாக்கியம்: தப்பு என்மேலதான்ணா. காலையிலிருந்து அதைக் கண்ணாடிமுன் நின்று பலமுறை சொல்லிப் பார்த்தாயிற்று.

படம் வந்தது. அவர் தொழிலில் அப்படியொரு படத்தை அவரே பார்த்ததில்லை. அண்ணன் மூக்குக்கண்ணாடியில் படிந்த தூசிகூடத் தெரிந்தது. ஒரு பக்கத் தாடை சரியாகச் சவரமாகவில்லை. பின்னால் குழந்தை சோபாவிலிருந்து கதவுக்கும், கதவிலிருந்து சோபாவுக்கும் ஓர் அடிகூட விட்டுப்போகாமல் நடந்துகொண்டிருந்தது.

"என்னடா, சொல்லு" என்றார் அண்ணன்.

டவர் அந்த ஒரே வாக்கியத்தைத் தேடினார். வாய் திறக்கவில்லை. கண்ணை இமைத்தால் கொட்டிவிடும் என்று இமைக்கவும் இல்லை. கை மேஜைமேல் வைத்தது வைத்தபடி இருந்தது.

அண்ணன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, "இவன் படமும் நின்னுபோச்சுடி. அந்த வீட்டுல எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார்.

இணைப்பின் தரம் எப்படி இருந்தது என்று கேட்டு, ஐந்து நட்சத்திரங்களோடு திரையில் ஒரு கட்டம் வந்தது. டவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் விஷயத்தில் அவர் பொய் சொன்னதில்லை. ஐந்தையும் அழுத்தினார்.