பட்டாணிக்கு அடியில்

மணி ஐந்து பதினேழு. இன்னும் நாற்பத்து மூன்று நிமிடம்.

கூடத்து டிவியின் மேல் நூறு நாளாகப் பூப்போட்ட படுக்கை விரிப்பு கிடந்தது. பந்தயம் அவளுக்கும் கணவருக்கும். நூறு நாள் எந்தச் செய்தியும் அவள் கண்ணிலோ காதிலோ படக்கூடாது. இன்று ஆறு மணிவரை தாங்கினால் டிவி உள்ளறைக்குப் போகும். அது இருந்த ஜன்னலோரத்துக்குச் சாப்பாட்டு மேசை வரும். தோற்றால் இருந்தபடியே இருக்கும். நாலு பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிடுவார்கள்.

பத்து நாள்கூடத் தாங்க மாட்டாய் என்றார் கணவர். அவர் சொன்னதில் தப்பில்லை. விவாதம் பார்த்துக்கொண்டே வாரத்துக்கு இரண்டு முறை பாலைப் பொங்கவிட்டவள்தான் அவள். இப்போது பால் பொங்குவதில்லை. சின்ன மகளுக்குக் கணக்கில் எந்த இடத்தில் இடிக்கிறது என்று ஆசிரியைக்கு முன்பே இவளுக்குத் தெரிகிறது.

எதிர்வீட்டில் துணி தைப்பவள் பத்தாம் நாள் துணைக்குச் சேர்ந்தாள். எல்லாருக்கும் ஊசி அக்கா. அவளுக்குப் பந்தயம் எதுவும் இல்லை. செய்தியை விட்ட பிறகு தையல் நேராக வருகிறது என்றாள்.

மேசை இப்போதைக்குச் சமையலறை மூலையில் கிடந்தது. அதில் செய்தித்தாளை விரித்து இருவரும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். தாளை அவள் தனக்குத் தலைகீழாகத்தான் விரிப்பாள். நூறு நாள் பழக்கம். வழக்கமாக இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். இன்று பட்டாணி அதிகம். கூடையை நடுவில் வைத்து எதிரெதிரே உட்கார்ந்துவிட்டார்கள்.

தெருவில் திடீரென்று ஆரவாரம் கிளம்பியது. வண்டிகள் ஹாரன் அடித்தன. மாடிப்படியில் யாரோ தடதடவென்று இறங்கி ஓடினார்கள். அவள் பாய்ந்துபோய் மிக்ஸியைப் போட்டாள்.

"காலி மிக்ஸில என்னடி அரைக்கிற, காத்தையா?" என்று அக்கா கத்தினாள்.

சத்தம் சற்று அடங்கியதும் மிக்ஸியை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். அக்காவின் கை நின்றுபோயிருந்தது. கண் தாளில் இருந்தது. ஒரு பட்டாணி உருண்டு தரையில் விழுந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தனக்குத் தலைகீழ் என்றால் எதிரே இருப்பவருக்கு நேர். அதுவும் அவசரத்தில் அடுக்கின் மேலிருந்து எடுத்தது. இன்றைய தாள்.

"அப்ப இந்தச் சத்தம் இதுக்குத்தானா..." என்று ஆரம்பித்தாள் அக்கா.

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அக்கா சட்டென்று ஒரு கைப்பிடி பட்டாணியை வாயில் போட்டு அடைத்துக்கொண்டாள். கன்னங்கள் உப்பின. கண்கள் பளபளத்தன.

நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று கேட்க நாக்குத் துடித்தது. கேட்டால் பதிலே செய்தியாகிவிடும். கேட்கவில்லை.

அக்கா தோலை அள்ளித் தாள் முழுவதும் பரப்பினாள். போதவில்லை. பட்டாணியை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "என் மூஞ்சியப் பாக்காத. அதுல எல்லாம் எழுதியிருக்கும்."

நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து பட்டாணி உரித்தாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

ஐந்து ஐம்பதுக்குக் கணவர் வந்தார். மூச்சு வாங்கியது. செருப்பைக் கழற்ற மறந்திருந்தார். சொல்ல வாயெடுத்து, கடிகாரத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்தது. பந்தயத்தில் அவர் ஏமாற்றுகிற ஆள் இல்லை. வாயில் கையை வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். பத்து நிமிடம் பட்டாணி கிண்ணத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆறு அடித்தது.

அவள் விரிப்பை இழுத்தாள். ஒயரைப் பிடுங்கினாள். கணவர் ஒரு பக்கம் பிடித்தார், அவள் ஒரு பக்கம். டிவி உள்ளே போனது. மேசையில் இருந்த கூடையை இறக்கிவிட்டு, தோலோடு தாளைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, மேசையைத் தூக்கி வந்தார்கள். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளியில் கச்சிதமாக உட்கார்ந்தது. மாலை வெயில் பலகை மேல் விழுந்தது. அவள் நாலு தட்டு வைத்தாள். ஒன்றைக் கொஞ்சம் நகர்த்தினாள். மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்தினாள். பிறகு ஐந்தாவதாக ஒரு தட்டு எடுத்து வந்தாள்.

கீழே தெரு மறுபடி ஆர்ப்பரித்தது.

சமையலறையில் அக்கா இன்னும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ஆறு அடிச்சிருச்சுடி. இப்பவாச்சும் சொல்லட்டுமா?"