குணசுந்தரி உட்கார்ந்த நாள்

ராயபுரத்துப் பெண்கள் பள்ளியில் நாலாவது பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, படித்த குணசுந்தரி அந்த வருஷம் தொடங்கியதிலிருந்து ஒரு நாள்கூட முழுதாக உட்கார்ந்ததில்லை. பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்த மாதிரி இருப்பாள். பாரத்தையெல்லாம் தொடை தாங்கிக்கொண்டிருக்கும். போன வருஷம் அவள் உட்கார்ந்தபோது பெஞ்சு 'சடக்'கென்றது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. சாயங்காலத்துக்குள் 'கூட்ஸ் வண்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தொடை நடுங்கும்போது கணக்கு எங்கே ஏறும்? தாயம்மா டீச்சர் கரும்பலகையில் கோணங்களாகப் போட்டுத் தள்ளுவார். இவள் கவனம் முழங்காலில் இருக்கும். பதில் தெரிந்தாலும் எழுந்து சொல்லமாட்டாள். எழுந்தால் மறுபடி உட்கார வேண்டுமே! மார்க்கு இறங்கிக்கொண்டே போயிற்று.

"மண்டைல களிமண்ணா கீது? இன்னாதான்டி பண்றே அங்கே?" என்பாள் அம்மா கன்னியம்மா. காசிமேட்டுக் கரையில் மீன் விற்பவள், மகளைவிடப் பெரிய உடம்புக்காரி. 'உட்காராமல் இருக்கிறேன்' என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அப்படியிருக்க, ஒருநாள் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் பள்ளியைப் பார்வையிட வந்தார். உயரமான மனுஷி, மூக்குக் கண்ணாடி, சிரிக்காத முகம். கணக்கு வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. குணசுந்தரியின் தொடையில் எறும்பு ஊர்ந்தது, பிறகு ஊசி குத்தியது.

"செங்கோண முக்கோணம். ஒரு கோணம் நாற்பது டிகிரி. மிச்சக் கோணம் எவ்வளவு?" இன்ஸ்பெக்ட்ரஸின் விரல் பெஞ்சுகள்மேல் சுற்றிவந்து கடைசியில் நின்றது. "ஓரத்துப் பெண், நீ சொல்."

எழுந்திருக்கப் பார்த்தாள். சதை சுண்டி இழுத்தது. "யம்மாடி!" என்று அலறியபடி, அந்த வருஷத்திலேயே முதல் தடவையாக, முழு பாரத்தோடு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மடார்!

அவள் பக்கத்துக் கால் ஒடிந்து பலகை சாய்ந்தது. அதிலிருந்த மற்ற மூன்று பேரும் வழுக்கிக்கொண்டு வந்து அவள்மேல் ஒவ்வொருவராக விழுந்தார்கள். எல்லோருக்கும் மேலே வந்து விழுந்தவள் மலர்க்கொடி, வகுப்பிலேயே ஒல்லி. அவளுடைய நீலப் பாவாடை முட்டிக்கு ஏற, அடியில் சிவப்பு, அதற்கடியில் பச்சை!

"இன்னாடி இது, மூணு பாவாடை?" என்றாள் அடியில் நசுங்கிக் கிடந்த குணசுந்தரி.

"ஒல்லியா கீறேன்னுதான்டி! கொஞ்சம் சதை தெரியட்டுமேன்னு!" மலர்க்கொடிக்கு அழுகை வரும் போலிருந்தது. வந்ததோ சிரிப்பு.

அந்தச் சிரிப்பு குணசுந்தரியின் வயிற்றுக்குள் இறங்கிவிட்டது. அவள் குலுங்க, மேலே கிடந்தவர்களும் குலுங்கினார்கள். வகுப்பு முழுக்க சிரித்தது. தாயம்மா டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வருஷமாக எதற்குப் பயந்தாளோ அது நடந்தே விட்டது. நடந்த பிறகு பார்த்தால், இவ்வளவுதானா! மூச்சு முட்டச் சிரித்தபடி கண்ணைத் திறந்தாள். எதிரே சாய்ந்த பலகை, ஒடியாத கால், தரை.

"டீச்சர்! முக்கோணம் இங்கியே கீது டீச்சர்! காலும் பலகையும் செங்கோணமா கீதா? பலகைக்கும் தரைக்கும் நாப்பதுன்னு வெச்சிக்கோங்க. அப்போ காலுக்கும் தரைக்கும் அம்பது!"

இன்ஸ்பெக்ட்ரஸ் எழுந்து வந்தார். வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவர் குனிந்து முக்கோணத்தைப் பார்த்தார், குணசுந்தரியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். சிரிப்பில் அவருக்கும் கண்ணீர் வந்திருந்தது.

"சரி. ஐம்பதேதான். உட்கார்ந்தே சொன்னாலும் பரவாயில்லை."

பள்ளிப் பியூன் அமீருதீன் ஓடிவந்து ஒடிந்த காலைத் தட்டினார். பொடி கொட்டியது. "கரையான் தின்னுட்டிருக்கும்மா, உன்மேல தப்பில்ல" என்று ஆறுதல் சொன்னார்.

"இல்ல பாய், நான் குந்தித்தான் ஒடிஞ்சிது!" என்றாள் குணசுந்தரி, ஏதோ பரிசு வாங்கியவள் போல.

மணி அடித்ததும் குணசுந்தரியும் மலர்க்கொடியும் கடற்கரை ரோட்டில் ஓடினார்கள். மலர்க்கொடி சிவப்பையும் பச்சையையும் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தாள். "காத்து எப்டி போவுது பாருடி, ஜில்லுனு கீது!" என்று கூவினாள். 'கூட்ஸ் வண்டி' என்று பின்னாலிருந்து யாரோ கத்த, குணசுந்தரி நின்று திரும்பி, "கூ...!" என்று ஊதிவிட்டு மறுபடி ஓடினாள்.

மறுநாளிலிருந்து நிம்மதியாக உட்கார்ந்தாள். கவனம் முழங்காலை விட்டு வந்ததால் பாடம் தானாக உள்ளே போயிற்று. புரியாததை எழுந்து கேட்டாள், பதில் வந்ததும் 'தொம்'மென்று உட்கார்ந்தாள். வருஷப் பரீட்சையில் கணக்கில் பாஸ், அதுவும் நல்ல மார்க்கு. சேதி கேட்ட கன்னியம்மா கரையிலேயே கூடையை இறக்கிவைத்துவிட்டு மகளைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. உடனே மகள் குனிந்து அம்மாவைத் தூக்கிவிட்டாள்.

"வுடுடி, வுடு! அல்லாரும் பாக்கறாங்கோ!" என்று கன்னியம்மா கத்தினாள். விடச் சொன்னவளின் கையோ மகளின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தது.