சலிக்கிறவள்

நான் இப்போது ஏரிக்குள் குடியிருக்கிறேன். உருவம் கடுகில் பாதி. முன்கைகளில் மயிர் அடர்ந்திருக்கிறது. கையை வீசினால் தண்ணீர் அந்த மயிர்ச் சல்லடைக்குள் புகுந்து வெளியேறும். பாசித்துகள் மாட்டும். அதுதான் சாப்பாடு. புடவைதான் காயவே மாட்டேனென்கிறது, சனியன்.

இந்த அளவில் தண்ணீர் பாகு மாதிரிக் கெட்டி. வீசி வீசித் தோள் விட்டுப்போகிறது.

பக்கத்துப் போர்ஷன் வேதவல்லியக்கா வந்ததையெல்லாம் விழுங்கினாள். பிளாஸ்டிக் தூளும் போயிற்று. வயிறு நிறைந்தே இருந்தது, பசியில் செத்தாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு துகளையும் வாயருகே பிடித்து ருசி பார்க்கிறேன். பாசியென்றால் உள்ளே. பிளாஸ்டிக்கென்றால் தூ.

மேற்பார்வையாளர் துரைக்கண்ணு ஏரியின் அடியில் நடந்து வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கழுத்துக்கு மேலே விரால் மீன் தலை.

"என்னம்மா, துப்புறியாமே?"

"ஆமா சார்."

"வர்றதத் தின்னணும். இதென்ன கல்யாணப் பந்தியா?"

"பந்தியிலயும் கறிவேப்பிலைய ஒதுக்குவோம் சார்."

அவர் செவுள் படபடத்தது. பிறகு கனிவாகக் கேட்டார்.

"சலிச்சிட்டியா?"

"காலைத் தண்ணி பூரா சலிச்சிட்டேன் சார்."

அவர் முகம் மலர்ந்தது. பின்னால் நின்ற இரண்டு கெண்டைகளிடம் திரும்பினார்.

"கேட்டுக்கிட்டீங்களா? அவளே சலிச்சிட்டேங்கிறா."

சலித்துப்போனவர்களை அவரே விழுங்கிவிட வேண்டும். அது ஏரியின் சட்டம். கருணையாம், மண்ணாங்கட்டி!

"ஐயோ, நான் சல்லடைச் சலிப்பச் சொன்னேன் சார்! வாழ்க்கை எனக்குச் சலிக்கல!"

"சலிப்புல என்னம்மா ரெண்டு?" என்று வாயைத் திறந்தார். தண்ணீர் என்னை உள்ளே இழுத்துக்கொண்டது.

உள்ளே நீண்ட தாழ்வாரம். நடக்க நடக்க அது நீண்டது. இருபுறமும் பெஞ்சுகள். முன்பே விழுங்கப்பட்டவர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் இடம் ஒதுக்கி, துண்டு போட்டு வைத்திருந்தார்கள். துண்டை எடுத்துக் கீழே போட்டேன்.

நடுவில் நின்று கையை வீசினேன். அவர் வாய்வழி வந்த தண்ணீரிலும் பாசி இருந்தது. நல்ல பாசி.

பெஞ்சிலிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள். "இங்கேயுமா?"

"பின்னே? பட்டினி கிடக்கவா வந்தோம்? எழுந்திருடி."

அவள் எழுந்தாள். அடுத்தவளும் எழுந்தாள். தாழ்வாரம் முழுக்கக் கைகள் வீசின. சுவர்கள் இருமின.

"யம்மா, தொண்ட அரிக்குது! வெளிய போங்க!" என்று மேலிருந்து துரைக்கண்ணுவின் குரல் கெஞ்சியது.

"சாப்பிட்டுக்கிட்டிருக்கோம்ல," என்றேன். "வாய மூடாதீங்க சார். தண்ணி வரட்டும்."