ஆற்றோடு போன என் படம்

கடற்கரை ஊர் ஒன்றில், மாதா கோயில் பீடத்துக்கு மேலே நீல முக்காடு போட்டுக்கொண்டு நிற்கிறாளே, அந்த மாதா நான்தான். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உபதேசியார் சாலமோன் படம் கேட்டு வந்த அன்று, படம் வரைகிற என் வீட்டுக்காரர் சிவசண்முகம் பிள்ளை அடுப்படியில் இருந்த என்னைக் கூப்பிட்டு, "ஏளா பிரம்மு, இந்தப் போர்வையத் தலையில போட்டுக்கிட்டு ஜன்னலப் பாத்து நில்லு" என்றார். நெற்றித் திருநீற்றை மட்டும் அழிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் அதைப் படத்தில் அழித்துக்கொண்டார்.

அதே வருஷம் ஒரு சைவ சபைக்காகக் காரைக்கால் அம்மையார் வரைந்தார். அதற்கும் நான்தான். பேயுருவம்! காய்ச்சலில் கிடந்து எழுந்து, எலும்பும் தோலுமாக ரசஞ்சாதம் தின்றுகொண்டிருந்தேன். "அப்படியே இரு, கைய மட்டும் கூப்பு" என்றார். கட்டின பெண்டாட்டியைப் பேயாக உட்கார வைத்த புண்ணியவான் திருநெல்வேலிச் சீமையிலேயே இவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தடியில் சனக்கூட்டம் என்று பெரிய படம் ஒன்று போட்டார். அதில் பூ விற்கிறவள் நான், அவளிடம் பேரம் பேசுகிறவள் நான், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவளும் நான். செத்தவர்களின் படம் எழுதும்போதுதான் எனக்கு விடுமுறை. போட்டோவைப் பார்த்து எழுதிவிடுவார். அதிலும் வக்கீல் வீட்டுப் பெரியம்மாவுக்குப் போட்டோவில் கழுத்துவரைதான் இருந்தது. கழுத்துக்குக் கீழே யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. ஊருக்குத் தெரியாத படம் ஒன்று இருந்தது.

கல்யாணமான மறு வருஷம். எனக்கு இருபது வயது. பட்டணத்தில் ஓவியம் படித்தபோது உடுப்பில்லாமல் உட்கார்ந்த பெண்களைப் பார்த்து வரைவார்களாம். "ஒருத்தி முகங்கூட எனக்கு ஞாபகமில்ல பிரம்மு. பாக்காமலே வரஞ்சிருக்கேன். அது பாவம்லா?" என்றார். என்னை அப்படி உட்காரச் சொல்லி மூன்று மாசம் கெஞ்சினார். மூன்று மாசமும் வாயில் வந்தபடி ஏசினேன். சித்திரையில் ஒருநாள் மத்தியானம் எனக்கே ஏசி அலுத்துவிட்டது. கதவைச் சாத்தி நாதாங்கி போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

வீடு சிந்துபூந்துறையில். புறவாசலைத் திறந்தால் ஆறு. ஜன்னல் இடுக்கு வழியாக ஆற்று வெளிச்சம் வந்து உத்திரத்தில் அசைந்துகொண்டே இருந்தது. வெகு தூரத்தில் யாரோ துணி துவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் வெட்கம் போயிற்று, அப்புறம் நேரம் போயிற்று, அப்புறம் நான் தரையில் இருக்கிறேனா தண்ணீருக்குள் இருக்கிறேனா என்பதும் தெரியாமல் போயிற்று. மூன்று மத்தியானம் அப்படி இருந்தேன். படத்தைத் திருப்பிக் காட்டினபோது அழுதுவிட்டேன். நான் அவ்வளவு அழகு என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடுத்த நிமிஷம் பயம் வந்து, "இத எரிச்சிருங்க" என்றேன்.

அவரும் எரிக்கவில்லை, நானும் எரிக்கவில்லை. போர்வையைச் சுற்றி, சுவரைப் பார்க்கத் திருப்பி, பீரோவுக்குப் பின்னால் வைத்தோம். வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த மூலையை மட்டும் நானே அடிப்பேன். இருபத்துநான்கு வருஷம் அப்படிப் போயிற்று.

தொண்ணூற்றிரண்டில் ஐப்பசி முடிகிற சமயம் வெள்ளம் வந்தது.

விடிந்தபோது நானும் அவரும் மகள் சித்ரலேகாவும் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தோம். மழை விட்டிருந்தது. தெரு அகலத்துக்கும் தண்ணீர் சத்தமில்லாமல் நகர்ந்தது. எங்கள் வாசல் வழியாகப் படங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எனக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, கனவில் நிற்கிற மாதிரி நின்றேன். முதலில் ஒரு மிராசுதார் தலைப்பாகையோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு போனார். பின்னால் வக்கீல் வீட்டுப் பெரியம்மா. திருஞானசம்பந்தர் கையில் பொற்கிண்ணத்தோடு வந்து, மின்சாரக் கம்பத்தில் முட்டி, ஒரு சுற்றுச் சுற்றிக் கிழக்கே திரும்பினார். பாலத்தடிக் கூட்டம் மொத்தமும் அவருக்குப் பின்னால் போயிற்று.

"எம்மா, எல்லாம் உன் மூஞ்சி!" என்று சித்ரலேகா அந்த நேரத்திலும் சிரித்தாள்.

கடைசியாக ஒன்று குப்புறக் கிடந்தபடி வந்தது. சுற்றியிருந்த போர்வை பாதி அவிழ்ந்து தண்ணீரில் நீளமாக இழுபட்டது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"அது என்ன படம்ப்பா?"

"சும்மா கிட. பழைய சட்டம்" என்றேன் நான்.

தண்ணீர் வடிந்தது. தெருவில் நெல் போனவர்கள் அழுதார்கள், மாடு போனவர்கள் அழுதார்கள். எனக்கு என்ன போயிற்று என்று யாரிடம் சொல்லி அழ? கார்த்திகையில் நாங்குநேரியிலிருந்து சித்ரலேகாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். குப்புறப் போன அந்தப் படத்தின் ஓரத்தில் அவர் கையெழுத்து, நடுவில் என் முகம், அதற்குக் கீழே முழுசும் நான். தாயைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பினால் மகளுக்கு எவன் தாலி கட்டுவான்? சேற்றை வழித்துப் போட்டுக்கொண்டே அவரை ஏசினேன். "நீங்களும் உங்க படமும்! மண்ணெண்ணெய் கிடைக்கலயா அன்னைக்கு?" அவர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

படங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. டவுனில் படங்களுக்குச் சட்டம் போடுகிற ஷேக் மைதீன்தான் ஆள் விட்டு விசாரித்து வாங்கி வந்தார். சம்பந்தர் ஒரு வாழைத்தோப்பில் கிடைத்தார். மிராசுதாரை ஒரு டீக்கடைக்காரர் யார் எவர் என்று தெரியாமலே மாலை போட்டு வைத்திருந்தார். பன்னிரண்டாம் நாள் ஷேக் மைதீன் வந்தபோது உட்காரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அண்ணாச்சி, ஏரலத் தாண்டி, கொற்கைக்குப் போற பக்கம், ஆத்தங்கரையில ஒரு படம் ஒதுங்கியிருக்காம். பொம்பளப் படம். வெள்ளத்துல வந்த அம்மன்னு சேல கட்டிக் கும்பிடுதாவளாம். ஓரத்துல ஒங்க கையெழுத்து இருக்காம்."

"சேல கட்டியா?" என்றார் இவர்.

"உள்ளுக்குத் துணி இல்லையாம் அண்ணாச்சி. நான் பாக்கல. சொன்னாவ" என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அடுப்படியிலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினோம். இடுப்பில் கத்தரிக்கோல் வைத்திருந்தேன். கேட்டால் கொடுப்பார்களோ மாட்டார்களோ, துண்டு துண்டாக வெட்டி ஆற்றில் விட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவது என்று இருந்தேன்.

பஸ் ஊர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே உலகம் இடம் மாறிக் கிடந்தது. பனைமர உச்சியில் ஒரு பாவாடை தொங்கியது. வயல் நடுவில் யார் வீட்டுக் கதவோ நிலையோடு நின்றது, தட்டினால் யாராவது திறப்பார்கள்போல. வாழையெல்லாம் ஒரே பக்கம் தலைசாய்த்துப் படுத்திருந்தது. இத்தனையும் செய்துவிட்டு ஆறு ஒன்றும் தெரியாததுபோல வெயிலில் மினுங்கிக்கொண்டு கூடவே வந்தது. எனக்குத் தூக்கம் சொக்கியது. அந்தச் சித்திரை மத்தியானத்தில் உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவே இல்லை, மற்றதெல்லாம் நடுவில் கண்டது என்று தோன்றியது. அவர் தோளைத் தொட்டு, "எறங்கணும் பிரம்மு" என்றார்.

ஆற்றங்கரையில் ஒரு மருதமரம். ஓலையில் சின்னதாக ஒரு பந்தல். மரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள் என்னை. மஞ்சள் சேலை, அரளி மாலை, வேப்பிலை. நெற்றியில் உள்ளங்கையகலக் குங்குமம். முகம் அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லை. ஐந்தாறு பெண்கள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டேன். ஒருத்தியும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பைய முந்தானையை எடுத்தேன். அப்போதும் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிழைத்தோம் என்று சந்தோஷப்பட வேண்டியதுதானே? படவில்லை. அழுகைதான் வந்தது. இவ்வளவுமா மாறிப்போனேன்? அடி சண்டாளி, மானத்தைக் காப்பாற்ற வந்த இடத்தில் உனக்கு இதுவா கவலை என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

பந்தலுக்குள் என் வயதுக்காரி ஒருத்தி உட்கார்ந்து, ஈக்களை விரட்டிக்கொண்டிருந்தாள். பெயர் பிச்சைக்கண்ணு என்றாள். என்னை உட்காரச் சொன்னாள்.

"படத்த யாரு எடுத்தா?" என்று கேட்டேன்.

"நாந்தான் ஆச்சி. எம் மவ பேச்சி ஆட்டப் பத்திட்டு வாரேன்னு போனவ, வெள்ளத்தோட போயிட்டா. தை மாசம் கல்யாணம் வச்சிருந்தோம். ஆடு வந்துட்டு, அவ வரல. மூணு நாளு இந்தக் கரையிலயே நின்னேன். நாலாம் நாளு காலம்பற, அங்கன, அந்தத் திருப்பத்துல துணி மிதந்து வந்துச்சு. எம் புள்ளதான்னு கழுத்துத் தண்ணியில எறங்கிட்டேன். பொரட்டிப் பாத்தா இது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஆம்பளையெல்லாம் ஓடி வாரான். பொட்டப்புள்ள ஒட்டுத்துணி இல்லாமக் கெடக்கா. படமாயிருந்தா என்ன, யாரா இருந்தா என்ன? யாரோ பெத்த புள்ளதான்! என் முந்திய அவுத்து மூடிட்டேன். பொறவு வீட்டுல போயி எம் மவ சேலய எடுத்தாந்து கட்டிவிட்டேன்." ஈ ஒன்று என் கன்னத்தில் உட்கார்ந்ததை, படத்திலிருந்த கன்னத்தைச் சொல்கிறேன், மெல்ல ஓட்டினாள். "ஊருல அம்மன்னு சொல்லுதாவ. பொங்கல் வைக்காவ. வைக்கட்டும். நான் சாமின்னு நெனைக்கல ஆச்சி. பேச்சி வருத மட்டும் இவ எங்கூட இருக்கட்டும்னு வச்சிருக்கேன். அந்தப் பக்கம் கடலு வரைக்கும் தேடப் போயிருக்கான் எம் மவன்."

இருபத்துநான்கு வருஷமாக நான் பயந்து பயந்து மறைத்த உடம்பை, முன்பின் தெரியாத ஒருத்தி, தன் சேலையை அவிழ்த்து மூடியிருக்கிறாள். இடுப்பில் கத்தரிக்கோல் குத்தியது. என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவள் சட்டென்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் கண் கையெழுத்து இருந்த ஓரத்தில் நின்றதைக் கவனித்திருக்க வேண்டும். சேலைத் தலைப்பை இழுத்துப் படத்தை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க எதத் தேடி வந்திய ஆச்சி?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தப் படம்..." என்று ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன்.

"கும்பிடத்தான் வந்தோம் தாயி" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "கும்பிடுங்க" என்று எழுந்து வழிவிட்டாள்.

நாற்பத்துநான்கு வயதுக்காரி நான், இருபது வயதில் இருந்த என் முன்னால் கைகூப்பி நின்றேன். இவள் மகளைத் திருப்பிக் கொடுத்துவிடு தாயே என்று என்னிடமே கேட்டேன்.