சிப்பாய் காசிலிங்கத்தின் டிஸ்சார்ஜ்

ராணுவத்தில் இருப்பவர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்குமான அந்த இணையக் குழுவில் வழிகாட்டியாகச் சேர, தான் உண்மையிலேயே ஓய்வுபெற்றுவிட்டதை இரண்டு சாட்சிகள் வைத்து நிரூபிக்க வேண்டும். தக்கலையில் தனியாக வசித்துவந்த மேஜர் ஜெசிந்தாவுக்குப் பால்காரர் ஒரு சாட்சி. இன்னொரு சாட்சியாக அவருடைய இடது முழங்கால் கையெழுத்துப் போட்டது. இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஜெசிந்தா இருபத்தாறு வருடம் ராணுவ மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்தவர். பட்டாளத்தை விட்டு வெளியே போகிறவர்களுக்கு வெளியுலகத்தைச் சொல்லிக்கொடுப்பதுதான் குழுவில் அவருக்கு வேலை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோ அழைப்பு. முதல் ஆளாகச் சிப்பாய் காசிலிங்கத்தை ஒதுக்கினார்கள். ஊர் கமுதி. வயது இருபத்திரண்டு.

அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். தலையில் கட்டு. பின்னால் ஜன்னலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், வெளிய வந்துட்டா காலையில யாரு விசில் ஊதுவா?"

"யாரும் ஊத மாட்டாங்க."

"பெறகு எப்படி எந்திரிக்கிறது?"

"முழிப்பு வரும். எந்திரிக்க வேண்டியதுதான்."

அவன் அதை நோட்டில் எழுதிக்கொண்டான்.

ஜெசிந்தாவுக்கு அவனைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. முப்பத்து நான்கு வருடத்துக்கு முன்னால் அவருடைய வார்டில் இறந்துபோனவன். முதல் சந்திப்பிலேயே அதைக் கேட்பது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டார். அவனும் சொல்லவில்லை.

நான்கு வாரம் பாடம் நடந்தது. ரேஷன் கடையில் வரிசையில் நிற்பது. பேண்ட்டுக்குப் பொருத்தமாகச் சட்டை எடுப்பது. டீக்கடையில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காருவது. கடைசியில் சொன்னதுதான் அவனுக்கு லேசில் வரவில்லை. மூன்று செவ்வாய்க்கிழமை அதற்கே போயிற்று. பனி லேப்டாப்பிலிருந்து வழிந்து மேஜையை நனைத்தது. ஜெசிந்தா பக்கத்தில் ஒரு துண்டு வைத்துக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் அவன் கேட்டான். "எல்லாம் படிச்சுட்டேன் சிஸ்டர். எப்ப விடுவாங்க?"

ஜெசிந்தா குழுவின் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டார். போனை எடுத்த பெண் எதையோ மென்றுகொண்டே பேசினாள்.

"அவருக்கு டிஸ்சார்ஜ் கிடையாது மேடம்."

"செத்துப்போன ஆளு. இனி அவனுக்கு என்ன டிஸ்சார்ஜ்?"

"செத்துட்டாருன்னு எழுதின பேப்பர்ல ஒரு வரி பொய். பொய் இருக்கிற பேப்பரோட கேட்டைத் தாண்ட முடியாது."

"ஆரு எழுதின வரி?"

"உங்க கையெழுத்துதான் இருக்கு."

அந்த வரி ஜெசிந்தாவுக்கு மனப்பாடம். 'உறக்கத்தில் அமைதியாக உயிர் பிரிந்தது.' அந்த வாரம் லாரி லாரியாகக் காயம்பட்டவர்கள் வந்தார்கள். நான்கு நாள் அவர் கண் மூடவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குக் காசிலிங்கம், "கொஞ்சம் பக்கத்துல இருங்க சிஸ்டர்" என்றான். "இந்தா வாறேன்" என்று சொல்லிவிட்டு, கட்டுத்துணி எடுக்க ஸ்டோர் அறைக்குப் போனவர், பஞ்சு மூட்டையில் உட்கார்ந்தார். எழுந்து வந்தபோது அவன் முகத்தை யாரோ துணியால் மூடியிருந்தார்கள். பார்க்காத சாவுக்கு அவர் அந்த வரியை எழுதினார். அதே வரிதான் தந்தியில் கமுதிக்கும் போயிற்று.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் கேட்டுவிட்டார். "காசி, நீ எப்படிச் செத்தே?"

இத்தனை வருடத்தில் யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை போலிருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"தூங்கல சிஸ்டர். பயமா இருந்துச்சு. உங்களக் கூப்பிட்டேன். மூணு தடவ. மூணாவது தடவ சத்தம் வரல. வாய் மட்டும் அசைஞ்சுச்சு."

"நான் ஸ்டோர்ல தூங்கிட்டேன் மக்கா."

"தெரியும். குறட்டை கேட்டுச்சு."

அவன் சொன்னபடியே ஜெசிந்தா ஒரு வெள்ளைத் தாளில் எழுதினார். தான் தூங்கியதையும் எழுதினார். கையெழுத்துப் போட்டுத் திரையில் காட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு தாளை வாங்கிக்கொண்டது. காசிலிங்கம் இறங்கி, போர்வையை மடித்து வைத்து, பூட்ஸ் மாட்டிக்கொண்டு போனான்.

அன்று ஜெசிந்தா மீன்குழம்பு வைத்து இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார். முடிந்தது என்று நினைத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அழைப்பு வந்தது. காசிலிங்கம் கமுதியில் வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை. கையில் ஜெசிந்தா எழுதிய தாள். பக்கத்தில் அவன் அம்மா. தந்தி வந்த நாளிலிருந்து அவளுக்கு வயது ஏறவில்லை.

"சிஸ்டர், பேப்பர்ல என்ன போட்டிருக்குன்னு அம்மா கேக்குது. படிச்சுக் காட்டவா?"

முப்பத்து நான்கு வருடமாக அந்தப் பெண் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சோறு தின்றிருக்கிறாள். வேண்டாம் என்று சொன்னால் போதும். காசிலிங்கம் சொன்னபடி கேட்பவன். ஜெசிந்தாவின் உதடு அந்தச் சொல்லுக்குக் குவிந்துவிட்டது.

"படி" என்றார்.

அவன் பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல் ஒரு சொல் விடாமல் படித்தான். அம்மா கேட்டு முடித்தாள். போனை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"நீதான் அந்த நர்ஸா?"

"ஆமாம்மா."

"இவன் கூப்பிட்ட சத்தத்த நீயும் கேக்கல. நானும் கேக்கல." மகன் பக்கம் திரும்பினாள். "கூப்பிடுய்யா. அன்னைக்கு எப்படிக் கூப்பிட்டியோ அப்படியே கூப்பிடு."

"வேணாம்மா. அதான் வீட்டுக்கு வந்துட்டேன்ல."

"கூப்பிடு."

"சிஸ்டர்."

சத்தம் லேப்டாப்பிலிருந்து வரவில்லை. சமையலறையிலிருந்து வந்தது. ஜெசிந்தா எழுந்தார். அங்கே போக எட்டு அடி வைத்தால் போதும். எட்டு அடி வைத்தார். சமையலறை இருந்த இடத்திலேயே, அதே தூரத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் வார்டுக் கட்டில்கள் தொடங்கியிருந்தன. தரை சில்லிட்டது.

வாறேன் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. நடந்தார்.

இரண்டாவது அழைப்பு முன்னதைவிட மெலிதாக வந்தது.

மூன்றாவதற்குச் சத்தம் இருக்காது. பக்கத்தில் இருந்தால்தான் தெரியும். மேஜர் ஜெசிந்தா செருப்பை உதறிவிட்டு ஓடத் தொடங்கினார்.